வன்னியில் இராப்பொழுது: ரொறன்ரோவிலிருந்து வரும் தம்பிக்கு

ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெற்றோரின் ஊர் முள்ளியவளை. அடுத்த ஆண்டு இரண்டு மாத விடுமுறையில் வந்து பாதிநாள் வவுனியாவிலும் பாதிநாள் முல்லைத்தீவிலும் தங்கவிருக்கிறார். வார இறுதிகளில் ஜாஸ் கேட்பதும், நண்பர்களோடு ஒரு மதுச்சாலையிலிருந்து அடுத்ததற்கு நடந்து போவதும் அவருடைய பழக்கம். வன்னியில் பொழுதுபட்ட பின் நேரடி இசை எங்கே கேட்கலாம், இருந்து குடிக்க நல்ல இடங்கள் உண்டா என்பவை அவருடைய கேள்விகள். “ஏழு மணிக்கே ஊர் அடங்கிவிடும் என்று அம்மா சொல்லுறா, உண்மையா அண்ணை?” என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா சொல்வது வீதியைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மைதான். நியூ ஓர்லியன்ஸில் பிரெஞ்ச்மென் வீதிக்கு எந்த நாளும் போகலாம். ஏதோ ஒரு வாசலில் யாரோ ஒருவர் ட்ரம்பெற் ஊதிக்கொண்டிருப்பார். நியூ யோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் 1935இலிருந்து இயங்கிவருகிறது. முகவரியைத் தெரிந்துகொண்டு நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும். வன்னியின் இரவு இடத்தோடு கட்டப்பட்டதன்று, நாளோடு கட்டப்பட்டது. ஒட்டுசுட்டானிலோ வற்றாப்பளையிலோ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நாய்கள்தாம் விழித்திருக்கும். அதே வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலன்று நடுச்சாமத்தில் கால்வைக்க இடம் இருக்காது. ஆகவே நீங்கள் கொண்டுவர வேண்டியது வரைபடத்தைவிடப் பஞ்சாங்கம்.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்குக் கோவில் மரபு ஒரு காரணம் என்றால் போர் இன்னொரு காரணம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் 1990 தொடக்கம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பொது மின்சாரம் இல்லாமல் வாழ்ந்தவை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெயில் எரியும் விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். மின்சாரம் இருந்த வவுனியா நகரத்திலோ அனுமதிச்சீட்டுக் கேட்கும் பாஸ் நடைமுறையும் சோதனைச் சாவடிகளும் இருந்தன. பொழுதுபட்ட பின் வெளியே நிற்பது ஆபத்து என்பது ஒரு தலைமுறையின் உடம்பில் ஊறிய பாடம். சமாதான காலத்தில்கூட, வவுனியாவுக்கு வடக்கே கண்டி வீதியில் இருந்த ஓமந்தைச் சாவடி மாலையோடு மூடப்பட்டுவிடும். அப்படிப்பட்ட ஊரில் இரவுக் கடைத்தெரு ஒன்று வளர வாய்ப்பே இருக்கவில்லை. உங்கள் அம்மா ஏழு மணி என்று சொல்வது அந்தக் காலத்து ஏழு மணி. இப்போது வவுனியாவின் கடைவீதி ஒன்பது, பத்து மணிவரை வெளிச்சமாக இருக்கிறது. கொத்து ரொட்டித் தட்டில் இரும்புத் தகடுகள் அடிக்கும் சத்தம் பஸ் நிலையத்துப் பக்கம் அதற்குப் பிறகும் கேட்கும்.

குடியைப் பற்றிக் கேட்டீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல அதிகம் இல்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அனுமதி பெற்ற பார்கள் உண்டு. ஒரு சில விடுதிகளில் குளிரூட்டிய அறையில் இருந்து பியர் குடிக்கலாம். கணவாய் டெவலும் பொரித்த கச்சானும் வரும். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடும். அவ்வளவுதான். பாடகர் இல்லை, நடனம் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகக்கூடிய தெருவும் இல்லை. வாடிக்கையாளர்கள் முழுக்க ஆண்கள். நீங்கள் தங்கையையோ பெண் நண்பரையோ அழைத்துக்கொண்டு போனால் அறை முழுவதும் திரும்பிப் பார்க்கும். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கமாட்டார்கள். பூரணை நாளில் நாடு முழுவதும் மதுக்கடைகள் பூட்டப்படும், வெசாக்கிற்கு இரண்டு நாள். முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், கனடாவிலிருந்து வருபவர்கள் இந்த நாட்களில்தான் கடைவாசலில் போய் நிற்கிறார்கள்.

கள்ளைத் தனியாகச் சொல்ல வேண்டும், அது இரவுக்குரியதல்ல என்பதற்காகவாவது. பனங்கள்ளு காலையில் இறக்கிய உடனே இனிக்கும். வெயில் ஏற ஏறப் புளித்து, பின்னேரம் ஆகும்போது வேறொரு பானமாகிவிடும். அதனால் கள்ளு விற்கும் தவறணைக்குப் போகிற நேரம் பகலும் பின்னேரமும்தான், இருட்டினால் அங்கே ஆள் குறைந்துவிடும். முன்பு பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றித் தருவார்கள். இரண்டு கையாலும் ஏந்தி, ஓலையின் பச்சை வாசத்தோடு குடிக்க வேண்டியது அது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்ரிக் கோப்பையும் போத்தலும்தான். கூட்டுறவுச் சங்கத் தவறணையில் வாங்குங்கள். யாராவது மலிவாகக் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், இருக்கிறது என்று கூப்பிட்டால், கூப்பிடுபவர் சொந்த மச்சானாக இருந்தாலும் போகாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது காய்ச்சியவருக்கே தெரியாது.

இனி இசை. நேரடி இசை எங்கே என்ற உங்கள் கேள்விக்கு மிக நேர்மையான பதில்: கோவில் வீதியில், இலவசமாக, பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பிறகு. பெரிய கோவில்களின் ஆண்டுத் திருவிழாக்களில் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பமோ ஒரு தொழில்துறையினரோ ஓர் ஊராரோ பொறுப்பேற்பார்கள். அவர்களை உபயகாரர் என்போம். எந்த உபயகாரர் எந்த மேளகாரரைப் பிடித்திருக்கிறார் என்பது திருவிழா தொடங்க முன்னரே ஊரில் பேச்சாகிவிடும். இன்றைக்கு இரண்டு நாதஸ்வரம் நான்கு தவில் என்றால், நாளைய உபயகாரர் அதற்குக் குறைய விடமாட்டார். இந்தப் போட்டியால் ஆதாயம் பெறுகிறவர்கள் வெறும் கையோடு வந்து மணலில் இருக்கும் நாங்கள். வவுனியா கோவில்குளம் அகிலாண்டேஸ்வரர், வவுனியா கந்தசுவாமி, கிளிநொச்சி கந்தசுவாமி, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் ஆகிய கோவில்களின் திருவிழாக்களை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேளகாரர்கள் பெரும்பாலும் இணுவில், அளவெட்டிப் பக்கத்திலிருந்து வருவார்கள். சாமி வீதிவலம் வரும்போது நின்று நின்று வாசிப்பது ஒரு வகை. பூங்காவனத் திருவிழா போன்ற இரவுகளில் எல்லாரும் இருந்து கேட்பதற்காகவே வைக்கும் மேளச்சமா இன்னொரு வகை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

ஜாஸ் கேட்டுப் பழகிய காது உங்களுக்கு உண்டு என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். வெறும் முகமனுக்குச் சொல்வதல்ல. ஜாஸ் மேடையில் ஒருவர் எட்டு அளவு வாசிக்க, டிரம்ஸ்காரர் எட்டு அளவு பதில் வாசிப்பார். பிறகு அது நான்கு நான்காகும். தவில் தனியிலும் இரண்டு தவில்காரர்கள் மாறி மாறி வாசித்து, அந்த அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். குறைப்பு என்று அதற்குப் பெயர். முழு ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றில், தொடங்கியது பாதியாகி, காலாகி, கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு கோர்வையை மும்முறை வாசித்துத் தீர்மானத்தில் வந்து விழும்போது மணலில் இருப்பவர்களின் தலைகள் தாமாகவே அசையும். வேறுபாடும் உண்டு. ஜாஸ் கலைஞருக்குக் காலடியில், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கோவைகள் மாறிக்கொண்டேயிருக்கும். அந்த மாற்றத்தின் மேல்தான் அவருடைய கற்பனை ஓடும். இங்கே அது கிடையாது. நாதஸ்வரக்காரருக்கு ஒரு இராகமும் ஒரு ஆதார சுருதியும் மட்டும். தவில்காரருக்குத் தாளம் மட்டும். அந்தச் சிறிய இடத்திற்குள் முக்கால் மணி நேரம் ஒருவர் சொன்னதையே சொல்லாமல் நிற்பதைக் கேட்டுப் பாருங்கள்.

முன்வரிசையில் போய் இருங்கள், ஆனால் தவிலுக்கு நேர் எதிரே வேண்டாம், காது அடைத்துவிடும். சற்று வலப்பக்கமாக இருந்தால் கையைப் பார்க்கலாம். வலக்கை விரல்களில் துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் கல்லைப் போல இறுக்கிய கூடுகள் போட்டிருப்பார்கள். இடக்கையில் பூவரசங் கழி. பலாமரத்தில் குடைந்த அந்த உடலில் இரண்டும் சேர்ந்து விழும்போது கிளம்பும் சத்தத்திற்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. இருந்தும் எங்கள் ஆட்கள் நான்கு பெட்டிகளைக் கட்டி அலறவிடுவார்கள். இது எனக்குத் தீராத மனத்தாங்கல். நாதஸ்வரக்காரர் இடையில் நிறுத்தி, வாத்தியத்திலிருந்து தொங்கும் சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாக்குகளில், ஒன்றைக் கழற்றி நாவில் நனைத்துப் பொருத்திப் பார்ப்பார். சாக்ஸபோன்காரர் தம் நாக்குத் தகட்டோடு படுகிற அதே பாடுதான்.

சாக்ஸபோன் என்றதும் வியக்க வேண்டாம், அதையும் இங்கே கோவில் வீதியில் கேட்க வாய்ப்புண்டு. மங்களூர்ப் பக்கத்தைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத் அந்த வாத்தியத்தில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டிய பிறகு, தமிழ்நாட்டிலும் எங்கள் வடக்கிலும் அதைக் கோவில்கள் ஏற்றுக்கொண்டன. 2019இல் காலமான அவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர்களோடும் சேர்ந்து வாசித்தவர். எனினும் சாக்ஸபோன் நாளையும் இரட்டைத் தவில் நாளையும் ஒரே கிழமையில் தெரிவுசெய்ய வேண்டி வந்தால் தவிலுக்கே போங்கள். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல், நாற்பத்திரண்டு வயதுகூட நிறையாமல் போய்ச்சேர்ந்தார். தமிழ்நாட்டு வித்துவான்களே எழுந்து நின்று பார்த்த கை அது. இன்று வடக்கில் தவில் எடுக்கும் எவரும் அவர் வாசித்த பதிவுகளைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. நீங்களும் விமானத்தில் வரும்போது அவற்றைக் கேட்டுக்கொண்டு வந்தால், இங்கே வந்து கேட்பதில் பாதி புரிந்துவிடும்.

அடுத்தது கூத்து. இதில் நான் நடுநிலையாளன் அல்லன். காத்தவராயன் கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடுபவன். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

வன்னியில் இரவு முழுவதும் நீளும் கலை என்றால் அது கூத்துத்தான். முல்லைத்தீவுப் பகுதிக்கே உரியது கோவலன் கூத்து; முல்லைமோடி என்று சொல்லப்படும் தனிப் பாணி அதற்குண்டு. வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டோடு பின்னிப் பிணைந்தது. காத்தவராயன் கூத்து வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பல ஊர்களில் ஆடப்படுவது. மாரியம்மன் கோவில் நேர்த்திக்கு என்றே பல இடங்களில் மேடையேறும். முத்துமாரியின் மகன் காத்தவராயன் ஆரியப்பூமாலையை விரும்பி, தாய் இட்ட தடைகளையெல்லாம் கடந்து, முடிவில் கழுமரம் ஏறுகிற கதை. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கினால் கழுமரம் ஏறும் கட்டம் விடியப்புறம்தான் வரும். ஒரே ஆள் இரவு முழுவதும் காத்தானாக ஆட முடியாது. எனவே பாலகாத்தான் தொடக்கம் கடைசிக் காத்தான் வரை பலர் மாறி மாறி வருவார்கள். யாருடைய காத்தான் சிறந்தது என்ற வாக்குவாதம் அடுத்த கிழமை வரை தேநீர்க்கடையில் நடக்கும்.

மேடையில் ஓர் ஓரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும். முன்பு உடுக்கு முக்கியம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவிமாரில் சிலர் இப்போதும் அதைக் கைவிடவில்லை. நடிகர் ஓர் அடியைப் பாடிவிட்டு ஆடத் தொடங்க, அந்த அடியை நாங்கள் வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். நடிகருக்கு மூச்சு வாங்குவது தெரிந்தால் இன்னொரு தரம் கூடப் பாடி அவருக்கு நேரம் கொடுப்போம். அண்ணாவியார் கண்ணால் காட்டினால் நிறுத்துவோம். ஏட்டில் உள்ள பாட்டு ஒன்றுதான். ஆனால் அது எவ்வளவு நேரம் ஓடும் என்பது அன்றைய ஆட்டக்காரரின் உடம்பையும் சபையின் முகத்தையும் பார்த்து அந்த இடத்திலேயே முடிவாகிறது. காத்தான் பாட்டுகளின் சிந்து மெட்டு காதில் ஒருமுறை ஏறினால் இறங்காது. வவுனியாவில் ஓட்டோ ஓட்டுபவர் முணுமுணுப்பதையும் கேட்பீர்கள்.

சபையையும் பாருங்கள். முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகள். பத்து மணிக்கு ஆரவாரம், பன்னிரண்டு மணிக்குத் தூக்கம், சண்டைக் கட்டம் வந்ததும் யாரோ தட்டி எழுப்புவார்கள். பின்னால் கிழவிகள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அடுத்து வரும் பாட்டை நடிகருக்கு முன்னரே பாடுவார்கள். சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் கைமாறும். சபைக்குப் பின்னால், வெளிச்சத்தின் விளிம்பில், கச்சான் கடைகளும் காப்புக் கடைகளும் தும்புமிட்டாய் வண்டியும். கடைகளுக்கும் அப்பால் இருட்டில் சில மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். நீங்கள் தேடும் மதுச்சாலைத் தெருவின் எங்கள் வடிவம் அதுதான். அங்கிருந்து வருபவர்கள் கொஞ்சம் உரத்துப் பேசினால் ஒரு பெரியவர் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார். பெரும்பாலும் அவ்வளவோடு அடங்கிவிடும்.

பெண்களைப் பற்றி இங்கே ஒரு சொல். பார்களும் தவறணைகளும் ஆண்களுடையவை. கோவில் இரவும் கூத்து இரவும் எல்லாருடையவை. நடுச்சாமம் இரண்டு மணிக்குப் பெண்கள் கூட்டமாக, பயமின்றி, பேசிச் சிரித்தபடி நடந்து வீடு திரும்புவதை அங்கே பார்க்கலாம். பெண்களுக்கேயான இரவும் ஒன்று உண்டு. கல்யாணத்திற்குச் சில நாள் முன்னர் நல்ல நேரம் பார்த்துப் பலகாரச்சூடு தொடங்குவார்கள். அயலட்டைப் பெண்கள் கூடிப் பயற்றம் பணியாரமும் சீனி அரியதாரமும் முறுக்கும் சுடச்சுட, ஊர்ப்புதினமும் பாட்டும் பகிடியும் இரவுவரை நீளும். உங்கள் தங்கை கூட வருவதாக இருந்தால், எந்த உறவினர் வீட்டில் கல்யாணம் என்று இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

வற்றாப்பளைக்கு வருகிறேன். உங்கள் சொந்த ஊரான முள்ளியவளையோடு சேர்ந்தது என்பதால் இதைத் தவறவிட்டால் அம்மம்மா மன்னிக்கமாட்டார். நந்திக்கடல் ஓரத்தில் இருக்கும் கண்ணகை அம்மன் கோவிலின் பொங்கல், வைகாசியில் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமையில் வரும். ஆனால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் போனால் போதாது. பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு இரண்டு கிழமைக்கு முன்னரே அது தொடங்கிவிடுகிறது. பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அந்தக் கடல்நீரில் அங்கே விளக்கு எரியும். மதுரையை எரித்த கண்ணகி கிழவி வடிவில் நந்திக்கடற்கரைக்கு வந்தாள், மாடு மேய்த்த சிறுவர்கள் எண்ணெய் இல்லை என்று சொல்லக் கடல்நீரை வார்த்து விளக்கேற்றச் சொன்னாள் என்பது ஐதிகம். ஞாயிறு இரவு காட்டு விநாயகருக்குப் பொங்கல். அடுத்த நாள் மடைப்பண்டம், அதாவது படையலுக்குரிய பொருட்கள், வற்றாப்பளைக்குப் புறப்படும். அன்றிரவு அம்மனுக்குப் பொங்கல். தீர்த்தம் வரும் இரவில் முள்ளியவளை வீதியில் வாசலுக்கு வாசல் நிறைகுடமும் விளக்குமாக இருக்கும். அம்மம்மா வீட்டு வாசலிலேயே நின்று பார்க்கலாம்; என்னைக் கேட்டால் பொங்கல் இரவு நெரிசலைவிட இந்த இரவுதான் அழகு. கிளிநொச்சிப் பக்கத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலும் பெரிய இரவு. அது பங்குனி உத்தரத்தில்.

மன்னார் உங்கள் திட்டத்தில் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள். சிவராத்திரி இரவில் திருக்கேதீஸ்வரத்தில் பாலாவித் தீர்த்தத்தை அள்ளிச் சென்று சிவலிங்கத்தை நீராட்ட அடியார்கள் வரிசையாகப் போவார்கள். நான்கு சாமப் பூசை, இடையிடையே பஜனையும் கச்சேரியும் பேச்சும். மடுமாதா கோவிலில் ஆடி 2ஆம் நாளும் ஆவணி 15ஆம் நாளும் பெருநாள்கள். இங்கே கத்தோலிக்கர் ஜூலையை ஆடி என்றும் ஓகஸ்ட்டை ஆவணி என்றும் சொல்வது வழக்கம், குழம்ப வேண்டாம். பெருநாளுக்கு முந்திய இரவுகளில் காட்டு மரங்களின் கீழ் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கும் குடும்பங்களின் அடுப்பு வெளிச்சமும் செபமாலைக் குரலும் காடு முழுவதும் பரவியிருக்கும். சிங்களக் குடும்பங்களும் பக்கத்துக் கூடாரத்திலேயே இருக்கும். மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தில் வடபாங்கு, தென்பாங்கு என இரண்டு மரபுகள் உண்டு. புனிதர் கதைகளை ஆடும் அந்தக் கூத்தும் வாசாப்பு என்ற நாடக வகையும் எங்கள் காத்தானிலிருந்து முற்றிலும் வேறு இராகம், வேறு நடை. நகரத்தில் இரவு நடக்கப் போனால் கழுதைகளுக்கு வழிவிடுங்கள். வீதி அவற்றினுடையது.

விசேடம் எதுவும் இல்லாத சாதாரண இரவுகளில் என்ன செய்வது? பகுதிக்குப் பகுதி விளையாட்டுக் கழகங்கள் மின்னொளியில் கரப்பந்தாட்டப் போட்டி வைக்கும். அறிவிப்பாளரின் தமிழ் ஒன்றுக்காகவே போகலாம். நோன்பு மாதத்தில் வவுனியா பட்டாணிச்சூர்ப் பக்கம் முஸ்லிம்களின் இரவுத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு வீதி விழித்திருக்கும். இவையெல்லாம் கைகொடுக்காவிட்டால் முறிகண்டிக்குப் போங்கள். கண்டி வீதியில், மாங்குளத்திற்கும் கிளிநொச்சிக்கும் இடையில், வீதியோரத்திலேயே இருக்கிற சிறிய பிள்ளையார் கோவில் அது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையில் ஓடும் வாகனம் எதுவும் அங்கே நிற்காமல் போகாது என்பது வழக்கம். இராப் பயணப் பஸ்கள் அங்கே வந்து நிற்பது நடுச்சாமத்திற்குப் பிறகு. சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், கற்பூரம் காட்டுவார். தூக்கக் கலக்கத்தில் பயணிகள் தலைமுடி கலைந்தபடி இறங்கி, திருநீறு பூசி, ஒரு பிளேன்ரீ குடித்து, மணலில் வறுத்த முறிகண்டிக் கச்சானை ஒரு சரை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். பத்து நிமிடத்தில் அந்த பஸ் போய்விடும், அடுத்தது வரும். கச்சான் விற்கும் அம்மாமார் எந்த பஸ் எந்த நேரம் வரும் என்பதை ஹோர்ன் சத்தத்திலேயே சொல்வார்கள். வெள்ளிக்கிழமை இரவில் ஊருக்குத் திரும்பும் இளைஞர்கள், வெளிநாட்டிலிருந்து விமானத்தால் இறங்கி நேரே வரும் குடும்பங்கள், லொறிக்காரர்கள், படையினர் எல்லாரையும் ஒரே வாங்கில் பார்க்கக்கூடிய இடம் வன்னியில் வேறில்லை.

போக்குவரத்தில் கவனம் வேண்டும், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இரவில் மோட்டார் சைக்கிளில் காட்டு வீதிகளில் போகாதீர்கள். மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியிலும் மடுப் பக்கமும் யானை குறுக்கே நிற்கும்; வளைவில் திரும்பும்போது முகப்பு விளக்கில் அதன் கால்தான் முதலில் தெரியும். கண்டி வீதியில் யானையைவிட ஆபத்து மாடுகள். தார் வீதியின் சூட்டுக்கு நடுவீதியில் படுத்திருக்கும், கறுப்பு மாடு என்றால் கிட்டப் போகும்வரை தெரியாது. தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்பிவரும் நேரத்தையும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். கூத்து என்றால் அவரும் இருந்து பார்ப்பார், காத்திருப்புக் கூலி கேட்கமாட்டார். ஊரவர் நடக்காத பற்றைக்காட்டுக்குள் ஒதுங்கப் போகவேண்டாம்; கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் எல்லா இடத்திலும் முடியவில்லை. ரோச் லைற், நுளம்புக்குப் பூச ஏதாவது, விரித்து இருக்க ஒரு பாய், தை மாசியில் என்றால் பனிக்குத் தலைப்பாகை. கோவிலுக்கு வேட்டி இருந்தால் நல்லது, அரைக் காற்சட்டை கூடவே கூடாது. குடித்திருந்தால் அன்று கோவில் வீதிக்கு வராதீர்கள். காலையில் எடுத்த கள்ளென்றாலும் அதே விதிதான்.

எப்போது வருவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் கனடாவிலிருந்து வருபவர்களின் வழக்கம். அப்போது திருவிழாக்களும் மடுவும் கிடைக்கும், வற்றாப்பளை தவறிவிடும். மே நடுப்பகுதியில் வந்து ஜூலை நடுப்பகுதியில் திரும்பினால் வற்றாப்பளை, மடுவின் ஆடிப் பெருநாள், இடையில் ஏதாவது ஒரு கூத்து என்று மூன்றும் கைக்குள் வரும். மார்கழிப் பக்கம் மழையும் வெள்ளமும் இருக்கும், திறந்தவெளியில் எதுவும் நடக்காது. விமானச்சீட்டு எடுக்க முன்னர் கோவிலில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்; வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில ஆண்டுகளில் வேறு வேறு நாள் காட்டும், எந்தக் கோவில் எதைப் பின்பற்றுகிறது என்பதை இணையத்தில் போட்டிருக்கும் நாட்காட்டி சொல்லாது. முள்ளியவளையில் அம்மம்மாவிடம் கேட்டால் போதும், பாக்குத்தெண்டல் நாளிலிருந்து எண்ணிச் சொல்லிவிடுவார்.